காணாமப் போன ஒரு வரி

...திருடறதுன்னா நகையத் திருடலாம், செருப்பக்கூட திருடலாம். ஒரு வரிய எவனாவது திருடுவானாண்ணே? நீங்களே சொல்லுங்க. இல்ல இல்ல, இறங்காதீங்க, ஏணியிலயே நில்லுங்க. நீங்க பாட்டுக்கு ஏசியப் பிரிங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். கைக்குத்தான வேலை, காது சும்மாதான இருக்கு?

போன வாரம் வரைக்கும் இருந்த வரிண்ணே! நான் எழுதின வரி. இன்னிக்குக் காலையில பிரிண்ட் எடுத்துப் பாக்கறேன், இல்ல. மேல் வரி இருக்கு, கீழ் வரி இருக்கு, நடுவுல இருந்தது மட்டும் மாயம். பல்லுப் புடுங்கினா எடமாவது தெரியும். இதுல அந்த எடமும் தெரியல, ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது.

உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ஏசி வாங்கினா கூட ஒரு புஸ்தகம் குடுப்பாங்கல்ல, எந்த பட்டன அமுக்கினா என்ன ஆகும்னு? அத நீங்க என்னிக்காவது படிச்சிருக்கீங்களா? ஆங்... சிரிக்கிறீங்க பாருங்க! ஒருத்தரும் படிக்கறதில்ல. அந்த ஒருத்தரும் படிக்காத புஸ்தகத்த எழுதறவதான் நானு. ஏசிக்கு இல்ல, எங்க கம்பெனி ப்ரோகிராமுக்கு. இருபத்திரெண்டு வருஷமா எழுதறேன். மேனுவல் பேஜுன்னு பேரு.

என்ன ப்ரோகிராம்னு கேளுங்க. சரி, கேக்கலன்னாலும் சொல்றேன். ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல நெட்வொர்க்குல இருக்கற மத்த கம்ப்யூட்டர்லாம் எடுக்கணும்னா, நடுவுல ஒருத்தன் ஒக்காந்துக்கிட்டு, "நீ யாரு, ஒனக்கு என்ன வேணும், இந்தா புடி"ன்னு குடுக்கணும்ல? அவனுக்கு டீமன்னு பேரு. கண்ணுல படமாட்டான், பின்னாடியே ஓடிக்கிட்டு இருப்பான். எங்ககிட்ட நாலு பேரு இருக்கான். ஒருத்தன் வாசல்ல நிப்பான். ஒருத்தன் ஃபைல எடுத்துக் குடுப்பான். ஒருத்தன் பூட்டுப் போடுவான். நாலாவது ஆளு என்ன பண்றான்னு அவன எழுதினவருக்கே தெரியாது. கேட்டா, "அது இருக்கட்டும்மா, எடுத்தா எல்லாம் நின்னுடும்"ங்கறாரு. அத நான் எப்படிண்ணே மேனுவல்ல எழுத?

அந்த எழுதினவரு இருக்காரே, அவருதான் இன்னிக்குப் பிரச்சனையே. அதோ, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சீட்டு. இப்ப ஆளு இல்ல, டீ குடிக்கப் போயிருப்பாரு. சோடாபுட்டின்னு நாங்க கூப்புடுவோம். மூஞ்சிக்கு நேர இல்ல, ச்சே ச்சே. மூக்குல அவ்ளோ தடிமனா ஒரு கண்ணாடி. நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. ஆனா ராத்திரியோட ராத்திரியா டீமன மாத்திடுவாரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. போன வாரம் எழுதினது இந்த வாரம் பொய்யாயிடும். அவரு மாத்த, நான் திருத்த, அவரு மாத்த, நான் திருத்த... துணி துவைக்கற கதைதான். ஓயவே ஓயாது.

இதுல அவரே மேனுவல்ல கைய வச்சிடுவாரு! உதவியாம். ஒரு வரி எழுதினார்னா ரயிலு மாதிரி நீளமாப் போகும், முற்றுப்புள்ளியே இருக்காது. நான் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன் பாருங்க, ஃபேனுக்குப் பக்கத்துல. "ஒவ்வொரு வரியும் எழுபது எழுத்துக்குள். முற்றுப்புள்ளி கட்டாயம்." நான் போட்ட சட்டம்ணே அது. எத்தன சண்ட தெரியுமா, முற்றுப்புள்ளிக்காக!

இருங்க, இருங்க... அந்த ஸ்க்ரூ எம்மேல விழுந்துடப் போகுது. ஆங், சரி.

வரிக்கு வர்றேன். "எல்லாரும் எழுதலாம்"னு ஒரு வசதி இருக்கு. அதப் போட்டா ஃபோல்டர யாரு வேணும்னாலும் தொறக்கலாம், மாத்தலாம். ஆபத்தானது. அதனால என்ன எழுதியிருந்தேன்? "இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், யார் யாருக்கு அனுமதி என்று .ரூல்ஸ் ஃபைலில் எழுதி வைத்திருந்தால் மட்டும்." புள்ளி ரூல்ஸ். பேருக்கு முன்னாடியே ஒரு புள்ளி வரும், அந்த மாதிரி ஃபைலெல்லாம் அப்படித்தான். இப்ப பிரிண்ட்ல என்ன இருக்கு தெரியுமா? "இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், யார் யாருக்கு அனுமதி என்று..." அவ்ளோதான்! அப்பறம் அடுத்த விஷயத்துக்குத் தாவிடுது. மேனுவல் பாதியில கொட்டாவி விட்ட மாதிரி!

இத ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர் படிச்சிருக்காரு. எங்க கஸ்டமரு. உலகத்துல மேனுவலப் படிக்கிற ஒரே ஆளு, அவரு கண்ணுலதான் இது படணுமா? "தாராளமா"ன்னு இருக்கேன்னு தாராளமாவே தொறந்து விட்டுட்டாரு. அதே நெட்வொர்க்குல பக்கத்துக் கடை தையல்காரரு. அவரு தன் அளவு லிஸ்ட்டயெல்லாம் கொண்டாந்து ஸ்டுடியோ ஃபோல்டர்ல கொட்டிட்டாரு. ரெண்டு பேரும் ஃபைலுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர்தான் பேரா வச்சிருக்காங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. கல்யாணப் பொண்ணோட அம்மா வந்து ஆல்பத்தக் காட்டுங்கன்னா, பொண்ணு மூஞ்சி வரவேண்டிய எடத்துல, "இடுப்பு முப்பத்தாறு, கை தளர்வாக"! சிரிக்காதீங்கண்ணே, அந்தம்மா அழுதுட்டாங்களாம். நல்லவேளை, ஸ்டுடியோக்காரர் தனியா ஒரு காப்பி வச்சிருந்தாரு, பொழச்சோம்.

மேனேஜரம்மா என்னக் கூப்புட்டு, "வரி எங்கம்மா?"ன்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அந்தப் பக்கத்துல கை வைக்கிறது ரெண்டே பேரு. ஒண்ணு நானு, இன்னொண்ணு சோடாபுட்டி. நான் எடுக்கல. அப்ப யாரு? ஒக்காந்தேன், எழுதினேன் ஒரு மெயிலு. "என் வரியை நீக்கியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி போட்டும் கண் தெரியாதவர்." ஆமாண்ணே, அப்படியே எழுதினேன். ஆபீஸ்ல நாப்பத்திரெண்டு பேருக்கும் அனுப்பிட்டேன்.

அதுக்கு அவரு என்ன பதில் போட்டாரு தெரியுமா? ரெண்டே வார்த்த. "புள்ளியப் பாருங்க." பாத்தீங்களா நக்கல? நான் முற்றுப்புள்ளிக்குச் சண்ட போடறவளாச்சேன்னு, எல்லார் முன்னாடியும் குத்திக் காட்டறாரு!

போகட்டும்னு விட்டுடலாம்தான்... விட முடியாதுண்ணே. அதுல ஒண்ணு இருக்கு. இதச் சொல்லவே வாய் வரல. அவரு பையனும் எம்பொண்ணும்... ஆங். அதேதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் விழாவுக்குக் குடும்பத்தோட வாங்கன்னாங்க, போனோம். அங்க ரெண்டும் கேரம் ஆட ஒக்காந்துச்சுங்க. இன்னும் ஆட்டம் முடியல. வர்ற ஞாயித்துக்கிழம அவரு குடும்பத்தோட எங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வர்றதா இருந்துச்சு. இப்ப அரமணி நேரம் முன்னாடி எம்பொண்ணு ஃபோன் பண்ணுது. "என்னம்மா பண்ணி வச்சிருக்க? ஞாயித்துக்கிழமய யோசிக்கணும்னு அவங்க அப்பா சொல்றாராம்"னு தேம்பித் தேம்பி அழுவுது.

அந்தப் பையன் தங்கம். என்ன "அத்த, அத்த"ன்னுதான் கூப்புடுவான். ஆனா அதுக்காக? நியாயம் நியாயம்தான? தப்பு செஞ்சவரு சொல்லட்டும், "ஆமாம்மா, நாந்தான் எடுத்தேன்"னு. நான் ஏன் எறங்கிப் போகணும்?

என்னது? எதுல? ஓ, மூலத்துலயா... நான் எழுதற ஃபைலு ஒண்ணு இருக்கு, அதுலேர்ந்துதான் இந்தப் பக்கம் தயாராகும். அதுலயும் இல்லையான்னு கேக்கறீங்க. பாக்கல. எதுக்குப் பாக்கணும்? நான் எழுதினது எனக்குத் தெரியாதா? நீங்க ஏசி மெக்கானிக்கா, வக்கீலா? சரி, உங்க திருப்திக்கு. எறங்கி வாங்க, வந்து நீங்களே பாருங்க. தோ, தொறக்கறேன். பாத்துக்குங்க, இந்த எடம். "யார் யாருக்கு அனுமதி என்று"... அடுத்த வரி...

இருக்கே.

இருக்குண்ணே வரி! முழுசா இருக்கு! ".ரூல்ஸ் ஃபைலில் எழுதி வைத்திருந்தால் மட்டும்." இங்க இருக்கு, பிரிண்ட்ல இல்ல. இது என்ன கூத்து... என்ன? எதக் காட்டறீங்க? அந்தப் புள்ளியா? அது ஃபைல் பேருண்ணே, சொன்னேன்ல, பேருக்கு முன்னாடி...

ஐயய்யோ.

ஐயய்யோ, போச்சுண்ணே, மானம் போச்சு. வரி புள்ளியில ஆரம்பிக்குது. வரி புள்ளியில ஆரம்பிச்சா, பக்கத்தத் தயார் பண்ற ப்ரோகிராம் அத எழுத்தா எடுத்துக்காதுண்ணே, கட்டளையா எடுத்துக்கும். தெரியாத கட்டளைன்னா சத்தம் போடாம அந்த வரிய அப்படியே முழுங்கிடும். இது எனக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. புதுசா வேலைக்கு வர்ற அத்தன பேருக்கும் மொத நாளே நான்தான் சொல்லிக் குடுக்கறேன்! ஊருக்குத்தான உபதேசம்!

மொதல்ல அது நீள வரிண்ணே, புள்ளி நடுவுல பத்திரமா இருந்துச்சு. போன வாரம் ஒரு சாயங்காலம் எண்ணிப் பாத்தேன். எழுபதத் தாண்டிடுச்சு. என் சட்டம்ல? சரியா அந்த எடத்துல ஒரு தட்டுத் தட்டி, ஒடச்சு, கீழ எறக்கி விட்டேன். புள்ளி போயி வாசல்ல நின்னுடுச்சு. இந்தக் கைதான். இந்த வெரல்தான்.

அப்ப அந்த மனுஷன் எழுதினது நக்கல் இல்ல. புள்ளியப் பாருங்கன்னா புள்ளியப் பாருங்கன்னுதான் அர்த்தம்! நாப்பத்திரெண்டு பேரு முன்னாடி கண்ணு தெரியாதவருன்னு திட்டியிருக்கேன், அவரு எடத்தயே காட்டிக் குடுத்திருக்காரு. எம்பொண்ணு அழுவுதுண்ணே. என் வாயால அழுவுது.

போகாதீங்க, கொஞ்சம் நில்லுங்க. நீங்க போனா எனக்குத் தைரியம் போயிடும். மொதல்ல மெயிலு. அதே நாப்பத்திரெண்டு பேருக்கும். "வரியைத் தொலைத்தது நான். கண் தெரியாதவளும் நான்." போதுமா? போதும். இதுக்கு மேல எழுதினா சாக்குச் சொல்ல ஆரம்பிச்சிடுவேன். அனுப்பிட்டேன். இனிமே ஃபோனு. நம்பரப் போட்டுட்டேன், ரிங் போகுது...

ஹலோ... நான்தாங்க. மேனுவல்... ஆமா. பாத்துட்டேங்க, புள்ளியப் பாத்துட்டேன். மெயில் வந்துதா? வந்துதுங்களா... தப்பு என் மேலதான். முழுக்க முழுக்க என் மேலதான். நான் பேசினத மன்னிச்சிடுங்க, சம்பந்தி.

...ஆமா, சம்பந்தின்னுதான் சொன்னேன். வாய் தவறி இல்ல, மனசாரத்தான் சொன்னேன். சிரிக்கிறீங்களா? சிரிங்க, நல்லா சிரிங்க. புள்ளைங்க மேல கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழம... வருவீங்கல்ல?

...

எத்தன பேரு? பதினோரு பேரா! ஐயோ, எங்க வீட்டுல இருக்கறதே பதினோரு நாக்காலிதான்... இல்ல இல்ல, ஒருத்தரையும் கொறைக்காதீங்க! எல்லாரும் வாங்க. நான் நின்னுக்கறேன்.