சந்தனப் பொட்டு வைத்த ஃபிளாப்பி

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், நம் டில்லிச் சங்கத்தின் மூத்த தூண், பெரியவர் பாலசுப்ரமணியம் அவர்களே! பகலெல்லாம் அலுவலகத்தில் கணிப்பொறியோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் நம் பிள்ளைகளோடும் மல்லுக்கட்டும் ஆசிரியர் சேஷு அவர்களே! சரோஜினி நகரிலிருந்து சைக்கிளிலும், முனிர்காவிலிருந்து பஸ் படிக்கட்டிலும் வந்து சேர்ந்திருக்கும் சான்றோர்களே! வேலை செய்யும் வீடுகளில் போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! மாலைக் கல்லூரியின் மாணவ மணிகளே! உங்கள் செயலாளர் ரத்தினவேல், உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பின் வரிசைத் தம்பிமார்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். ராம்லீலா மைதானத்தில் ராவணனைக் கொளுத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும், அதுதானே? பத்துத் தலை உள்ளவனே பொறுமையாக நிற்கிறான். ஒரு தலை உள்ள நீங்கள் சற்று நேரம் உட்காரக் கூடாதா?

அன்பர்களே! இன்று விஜயதசமி. நம் கணிப்பொறி வகுப்பின் மூன்றாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள். ஆனால் தாய்மார்கள் பலர் தயங்குகிறீர்கள். "எனக்குக் கையெழுத்தே வராது சாமி, எம் பொண்ணுக்குக் கம்ப்யூட்டரு எங்கருந்து வரும்?" என்று ஒரு தாய் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. போன விஜயதசமியில் நடந்ததைச் சொல்கிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

கல்யாணப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த பின்னறையை ஒழித்துத்தான் வகுப்பைத் தொடங்கினோம். அண்டா போன இடத்தில் அறிவு வந்தது! ஒரே ஒரு கணிப்பொறி. தூசி ஆகாது என்பதால் செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். டில்லிக் குளிரில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்று படித்தவர்கள் நம் பிள்ளைகள். அவர்களில் ஒருத்திதான் அம்சவேணி. முனிர்காவுக்கு அப்பால் ஜுக்கியில், அந்தக் குடிசைப் பகுதியில் வீடு. அம்மா கோவிந்தம்மாள் கட்டட வேலை செய்கிறவர். காலையில் இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு மாலையில் வகுப்புக்கு வருவாள் இந்தப் பெண்.

தேர்வுக்கு ஆளுக்கொரு புரோகிராம் எழுத வேண்டும். ஒருவர் சம்பளக் கணக்கு எழுதினார், ஒருவர் கிரிக்கெட் ஓட்டக் கணக்கு எழுதினார். அம்சவேணி எதை எழுதினாள்? தண்ணீர் லாரியை எழுதினாள்! ஜுக்கியில் டாங்கர் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முந்தியவருக்குத் தண்ணீர், பிந்தியவருக்குக் கண்ணீர். (சிரிக்கிறீர்கள். அந்தக் குடம் மோதி நெற்றியில் தழும்பு வாங்கியவர்கள் சிரிக்கவில்லை, பாருங்கள்.) இன்று முதலில் நின்றவர் நாளை கடைசியில் நிற்க, எல்லோருக்கும் முறை சுற்றி வரும்படி கணிப்பொறியே வரிசை சொல்லும். அதுதான் அவள் புரோகிராம்.

அந்தத் தேர்வில்தான் எல்லாம் இருந்தது. பிள்ளைகள் தேறினால் வகுப்புக்கு அங்கீகாரம். தேறாவிட்டால் பின்னறைக்கு மறுபடி அண்டா வந்துவிடும். நேரு பிளேஸ் அலுவலகம் ஒன்றில் அம்சவேணியிடம், சான்றிதழோடு வா, வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு தாளுக்காகக் காத்திருந்தது ஒரு குடும்பம்.

இப்படியிருக்க, சரஸ்வதி பூஜை வந்தது. நம் தலைவர் பக்திமான். அறைக்குள் போனார். கணிப்பொறிக்கு மாலை போட்டார், சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். பக்கத்தில் ஃபிளாப்பிகள் இருந்தன. பிள்ளைகள் எழுதியதையெல்லாம் சேமித்து வைக்கும் மெல்லிய தட்டுகள் அவை. ஒவ்வொன்றிலும், இயந்திரம் படிப்பதற்காக, நீள்வட்டமாய் ஒரு திறப்பு. அதைப் பார்த்ததும், பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று நினைத்துவிட்டார். தலைவர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். சபை உங்கள் மேல் அன்போடுதான் சிரிக்கிறது!

முறைப்படி மறுநாள் காலைவரை யாரும் தொடவில்லை. விஜயதசமியன்று ஃபிளாப்பியைப் போட்டாள் அம்சவேணி. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பத்திரத்துக்கென்று வைத்திருந்த நகலை எடுத்தாள். அதற்கும் பொட்டு! ஒரு பிள்ளைக்கு வைத்து இன்னொரு பிள்ளைக்கு வைக்காமல் விடுவாரா தலைவர்? "நல்லதுக்குத்தானப்பா வெச்சேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் தேர்வு.

மற்றவர்கள் சின்னச் சின்னதாய் எழுதியிருந்தார்கள். இயந்திரம் சரியானதும் உட்கார்ந்து திரும்ப அடித்துவிட்டார்கள். அம்சவேணியுடையது நீளமானது. சேஷு இயந்திரத்தைத் துடைத்துச் சரிசெய்யும்வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. நேரே ஜுக்கிக்கு நடந்தாள்.

ஏன் போனாள்? அங்கேதான் அவளுடைய இன்னொரு கணிப்பொறி இருந்தது! ஒரே இயந்திரம், பல மாணவர்கள். அவள் முறை வருவதே அரிது. ஆகவே அவள் தன் புரோகிராமைத் தாளில் எழுதி வைக்காமல், தெருவிலேயே குடங்களை வரிசையாக வைத்துச் சோதித்துப் பழகியிருந்தாள். குடத்துக்குப் பின்னால் குடத்துக்காரி நிற்பாள். கணிப்பொறி செய்ய வேண்டியதை அந்தப் பெண்கள் செய்து காட்டுவார்கள்.

அன்று தெருவே ராவணனைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குத் தலை வாரி, பூ வைத்து, ஆண்டுக்கொருமுறை கிடைக்கும் ஒரு வேடிக்கைக்காகப் புறப்பட்ட பெண்கள். மகள் முகத்தைப் பார்த்தார் கோவிந்தம்மாள்.

"கொடத்த எடுத்தாந்து வைங்கடி. ராவணன் அடுத்த வருசமும் எரிவான்."

வைத்தார்கள், அன்பர்களே, வைத்தார்கள்! பட்டாசுச் சத்தம் தூரத்தில் கேட்க, அத்தனை பெண்களும் குடத்தோடு நின்றார்கள். பழகிய நினைவில் நகர்ந்தார்கள், திரும்பினார்கள், முதலில் போனார்கள், கடைசிக்கு வந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியையும் அம்சவேணி மீட்டெடுத்தாள். அப்போது வரிசை நடுவிலிருந்து முத்தம்மா கேட்டார்.

"பாப்பா, நான் ஊருக்குப் போயிட்டா எம் மொற என்னா ஆவும்?"

அழிந்துபோன புரோகிராமில் அதற்கு வழியே இல்லை! அங்கேயே, அந்தத் தெருவிலேயே, முத்தம்மாவின் குடத்தை ஓரமாக வைத்து, திரும்பி வந்ததும் அவருக்குரிய முறை கிடைக்கும்படி புது வழி கண்டாள் அம்சவேணி. இருட்டிய பிறகு வந்து இயந்திரத்தில் அடித்து முடித்தாள்.

மறுநாள் தேர்வாளர் வந்தார். ஹிந்திக்காரர், கண்டிப்பானவர். புரோகிராமை ஓட விட்டார். தலையாட்டினார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: அச்சா, இதில் ஒருத்தி ஊருக்குப் போய்விட்டால்?

கைதட்டுகிறீர்கள். நான் சொல்லி முடிக்கவில்லையே! சரி, தட்டுங்கள், அது முத்தம்மாவுக்குச் சேர வேண்டிய கைதட்டல். அம்சவேணி விசையைத் தட்டிக் காட்டினாள். அவர் எழுந்து கைகொடுத்தார். வகுப்பு பிழைத்தது. அவளுக்கு வேலை கிடைத்தது. இன்று அவள் தெருவில் அந்த வரிசைப்படிதான் தண்ணீர் பிடிக்கிறார்கள், குடம் மோதுவதில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்களுக்குக் கம்ப்யூட்டர் எங்கிருந்து வரும் என்று கேட்ட தாயே! இயந்திரம் மறந்ததை எடுத்துக் கொடுத்தது எது? உங்கள் நினைவு! இயந்திரத்துக்குத் தோன்றாததைக் கேட்டது எது? உங்கள் வாய்! திருவிழாவை விட்டுவிட்டு நின்றது எது? உங்கள் கால்! கணிப்பொறி உங்களுக்கு எங்கிருந்தும் வர வேண்டாம், தாயே. மின்சாரமே இல்லாத தெருவில் நீங்களே அன்று கணிப்பொறியாய் நின்றீர்கள்! உங்கள் மகளை அனுப்ப இன்னும் என்ன தகுதி வேண்டும்? அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வாருங்கள்.

இந்த ஆண்டு மாலை வகுப்பில் தொடக்கப் பாடம் நடத்தப் போவது யார் தெரியுமா? அலுவலகம் முடிந்து வரும் அம்சவேணி. முதல் பெயராகப் பதிந்துகொண்ட மாணவர் யார்? மத்திய அரசில் காலமெல்லாம் கோப்புப் பார்த்து ஓய்வுபெற்ற நம் தலைவர்! யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே வந்து பெயர் கொடுத்தார். விஜயதசமியில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுதவைப்போம். இன்று அந்தப் பெண் அவர் விரலைப் பிடித்து விசைப்பலகையில் முதல் எழுத்தை வைக்கப் போகிறாள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், அன்று குடம் பிடித்த கைகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அனைவருக்கும் விஜயதசமி வணக்கம். தலைவர் அவர்களே, எழுந்திருங்கள், ஆசிரியை காத்திருக்கிறாள். செருப்பை வாசலில் கழற்றிவிடுங்கள். கையிலிருக்கும் அந்தச் சந்தனக் கிண்ணத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.