தொட்டி வாயில் வைத்த பலகை

என் பெயர் கலைமதி. வயது 14. தகப்பனார் பெயர் எல்லப்பன். சேரப்பணஞ்சேரியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகாரின் நகலைப் பார்த்து, அவர் தூங்கிய பிறகு, அதே மாதிரி எழுதுகிறேன்.

என் அம்மா பெயர் காவேரி. கம்பெனி லைனில் நாள் முழுக்க நின்று வேலை செய்வார். வாடகை வீட்டுத் தரையில் ஈரம் ஏறும், அவருக்குக் கால் மரத்துவிடும். அதனால் நாங்கள் கட்டும் புது வீட்டில், அடித்தளக் கான்கிரீட்டின் மேல் கெட்டியான தெர்மாகோல் ஷீட் பரப்பி, அதற்கு மேல் தரை போட அப்பா ஏற்பாடு செய்தார். "எங்காலுக்காக வூட்டுக்கே மெத்த போட்றியாய்யா?" என்று அம்மா சிரித்தார்.

கடந்த வியாழக்கிழமை மேஸ்திரி அப்பாவு ஷீட்டுகளைப் பரப்பினார். ஹாலுக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் வாயில் மட்டும் ஷீட் போடாமல், பலகை வைத்து, அதன் மேல் நான்கு செங்கல் வைத்தார். "பாப்பா, இத்த மட்டும் தொடாத. உள்ள ஆள் முழுகுற தண்ணி கீது" என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்குப் போனார்.

அதன் பிறகு அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுத்தேன். அந்த இடம் மட்டும் அசிங்கமாகத் தெரிந்தது. செங்கல்லையும் பலகையையும் எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மீதி இருந்த ஒரு ஷீட்டை அங்கே போட்டேன். ஹால் முழுக்க வெள்ளையாக இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அப்போது தூறல் விழுந்ததால் துணி எடுக்க வாடகை வீட்டுக்கு ஓடினேன். போனைச் சார்ஜில் போட்டேன். பலகையை மறந்துவிட்டேன்.

ஏழு மணிக்கு மோட்டார் போட வந்த மேஸ்திரி, வாசலில் அம்மாவின் செருப்பையும் ஹாலில் உடைந்த ஷீட்டையும் பார்த்துத் தொட்டிக்குள் குதித்தார். அம்மாவை அவர்தான் தூக்கினார். உயிர் இல்லை.

அதன் பிறகு அப்பா வந்து மேஸ்திரியை அடித்தார். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஈரத்தோடு என்னைப் பார்த்து, "நீ பாத்தல்ல பாப்பா, நான் பலக வச்சேன்ல?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். போலீஸார் அவரைக் கூட்டிப் போனார்கள்.

அடக்கம் முடிந்துதான் போனை எடுத்தேன். அன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து அம்மா பேசி அனுப்பியது அதில் இருந்தது. "சூப்பரா கீதுடி. எறங்குனதும் நேரா அங்கதான். செருப்ப கயட்டிட்டு நடந்து பாக்குறேன்." அப்பா இன்னும் அதைக் கேட்கவில்லை.

இதைக் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்டேஷனில் கொடுப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதியது எல்லாம் நடந்தது. மேஸ்திரி பலகை வைத்தார். நான் பார்த்தேன்.

எ. கலைமதி