டிக்கெட்காரரே

— கக்கூஸ் சாவியக் குடு, நைனா.

— இன்னா சாவி?

— பிளாட்பாரத்துக் கோடில கம்பெனிக்காரன் கட்டிக் குடுத்தானே, லேடீஸ் கக்கூஸு. அந்தச் சாவி. உன் மேசை டிராயர்லதான் இருக்கு.

— மஞ்சு, இன்னா வேணும்னாலும் கேளு, அத மட்டும் எங்கிட்ட கேக்காதன்னு சொல்லி வச்சிக்கிறேன்ல?

— பூட்டுன நாள்லேர்ந்து சொல்லிக்கினுதான் இருக்க. இன்னைக்கு கேக்கறேன்.

— மெதுவா பேசு. கவுண்டர் ஜன்னல் தொறந்து கீது. ஷிஃப்ட் வுட்டு வந்த பொண்ணுங்க எல்லாம் வெளிய குந்திக்கினு கீதுங்க.

— அதுங்களுக்குத்தான் கேக்கறேன். சாயந்தர வண்டி வருதா, இல்லையா?

— லேட்டு. கார் ஏத்திக்கினு போற கூட்ஸு முன்னாடி கீது. இருக்கறது ஒத்த லைனு. அது போனாத்தான் நம்ம வண்டி.

— எவ்ளோ நேரம் ஆவும்?

— எனக்கு யாருடி சொல்றா? நான் இன்னா ஸ்டேஷன் மாஸ்டரா? கமிஷனுக்கு டிக்கெட்டு கிழிக்கறவன். இந்த ஹால்ட்டுல ஆளுன்னு பாத்தா நானும் அந்த சொறி நாயும்தான். வண்டி எப்போ வரும்னு எனக்கு முன்னாடி அதுக்குத்தான் தெரியும்.

— சிரிக்க வைக்காத. நான் கோவமா இருக்கேன்.

— நீ எப்போ கோவமா இல்ல?

— பாரு நைனா. விடிஞ்சதுலேர்ந்து கம்பெனி லைன்ல நின்னவளுங்க. அங்க பாத்ரூம் போனா சூப்பர்வைசர் வாட்ச்ச பாக்கறான். கம்பெனி பஸ்ஸு இங்க கொட்டிட்டுப் போயிடுது. வண்டி வர்ற வரைக்கும் அடக்கிக்கினு உக்காரணும். இல்லன்னா தண்டவாளத்தத் தாண்டி சீமக்கருவ முள்ளுக்குப் போவணும்.

— நானா போவச் சொன்னேன்?

— உலகம்மாவ நீ போவச் சொல்லலதான்.

— அந்தப் பொண்ணு பேச்ச எடுக்காத.

— எடுப்பேன். எங்கூட லைன்ல நின்னவ. போன மாசம் முள்ளுக்குப் போனா. திரும்பி வர்றதுக்குள்ள கூட்ஸு வந்து குறுக்க நின்னுடுச்சி. இருட்டிக்கினு வேற வந்துச்சி. அந்தாண்ட ஒத்தையா நிக்க பயந்துக்கினு வண்டிக்கு அடியில பூந்தா. கூட்ஸு நவுந்துடுச்சி.

— எனக்கே கத சொல்றியா? நான்தான்டி தூக்குனேன் அந்தப் பொண்ண. எஞ்சட்டைய உங்கம்மா மூணு வாட்டி சோப்பு போட்டும் கற போவல. கொளுத்திட்டோம்.

— பாதி பாதம் போச்சு. இனிமே லைன்ல நிக்க முடியாதுன்னு கம்பெனி கணக்க முடிச்சிடுச்சி. தண்டவாளத்தத் தாண்டுனது அவ தப்பாம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எதுக்குத் தாண்டுனான்னு ஒருத்தரும் கேக்கல.

— நீ இப்போ கேக்க வந்துட்ட.

— ஆமா. உன்னத்தான் கேக்கறேன்.

— சரி, தொறக்கறேன். யாரு கழுவறது?

— நைனா...

— சொல்லுடி. ரிப்பன் வெட்னான், போட்டோ புடிச்சான், கல்லுல கம்பெனி பேரப் போட்டுக்கினு போயிட்டான். டேங்கு கீது, தண்ணி கீது. கழுவ ஆளு போட்டானா? ஒரு வாரம் தொறந்துதான் வச்சேன். நாறிப்போச்சி. பஞ்சாயத்து பிரசிடெண்டு ஆளு வந்து இன்னா சொன்னான் தெரியுமா? "நாகப்பா, உம்பொண்டாட்டி ராஜாமணிய வந்து கழுவச் சொல்லேன், உங்களுக்குத் தெரியாத வேலையா"ன்னான். அன்னைக்கே பூட்டுனேன்.

— அதுக்குன்னு...

— கம்னு இரு. உங்க தாத்தனுக்கு ஊர்ல பேரு கெடையாது. தோட்டி. அவ்ளோதான். எனக்கு நாகப்பன்னு ஆசையா வச்சான். வாத்தியாரு ஒருத்தருதான் அந்தப் பேர சொல்லிக் கூப்டாரு. ஊருக்கு நான் தோட்டி மவன். இந்த நாற்காலில வந்து குந்தினப்புறம் ஒரு நாளு, மேலத்தெரு வசந்தகுமாரு வந்தான். ஜன்னலு தாழ்வா கீது பாரு, எவனா இருந்தாலும் குனிஞ்சித்தான் கேக்கணும். குனிஞ்சான். "டிக்கெட்காரரே, செங்கல்பட்டு ரெண்டு"ன்னான். 'ரே' போட்டான்டி! வூட்டுக்குப் போயி உங்கம்மாகிட்ட சொன்னேன். நம்பல. இன்னொரு வாட்டி சொல்லு, அவன் சொன்ன மாதிரியே சொல்லுன்னா.

— தெரியும். அம்மா இன்னைக்கும் சொல்லி சிரிக்கும்.

— அந்தக் கதவ தொறந்தா மொதல்ல 'ரே' பூடும். அப்பறம் நாகப்பா. அப்பறம் இன்னான்னு உனக்கே தெரியும்.

— ஒரு 'ரே'க்கு ஒரு பாதமா, நைனா?

— ...உன்ன காலேஜுக்கு அனுப்புனேன் பாரு. எம்புத்திய இன்னாத்தால அடிக்கறது.

— அனுப்புன. பி.எஸ்சி. பிசிக்ஸ். அத வச்சிக்கினு போர்டுல ஸ்க்ரூ மாட்டிக்கினு இருக்கேன். பாரு, அம்மா கழுவ வேணாம். கேன்டீன்ல பேசிட்டோம். எல்லாரும் முறை போட்டுக் கழுவறோம். மேலத்தெருப் பொண்ணுங்களும்தான்.

— மேலத்தெருவு? தொடப்பம் புடிக்கும்?

— கோகிலவாணி சரின்னுட்டா.

— யாரு, வசந்தகுமாரு மவளா? இன்னொரு வாட்டி சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு.

— கிண்டல் பண்ணாத.

— அண்ணாச்சி, காஞ்சிபுரம் ஒண்ணு குடுங்க. ஏட்டி மஞ்சு! உள்ளயா இருக்க? ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.

— இன்னா பாண்டிச்செல்வி?

— மத்தியானம் பேசுனோம்லா, அது கொஞ்சம் மாறிட்டுட்டி. முறையெல்லாம் வேண்டாம்னுட்டாளுவ. கோகிலாதான் ரோசன சொன்னா. ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவோம், மஞ்சு அம்மாவையே வரச் சொல்லிருவோம், அவங்களுக்கும் ஒரு வருமானம் ஆச்சுல்லான்னா. எல்லாருக்கும் பிடிச்சிப் போச்சு.

— நீ இன்னா சொன்ன?

— நானும் சரின்னுட்டேன். நல்ல ரோசனதான? என்ன அண்ணாச்சி, ரெண்டு பேரும் என்னைய இப்பிடிப் பாக்கிய?

— ஒண்ணுல்ல பாப்பா. இந்தா டிக்கெட்டு. சில்லறய எண்ணிக்க.

— எங்கம்மா தையல் மிஷின் ஓட்டறா, பாண்டி. ஊர்ல பாதி ஜாக்கெட்டு அவ தச்சது. கோகிலா போட்டிருக்கறதும் அவ தச்சதுதான்.

— சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. கோகிலாதான் சொன்னா, அவங்களுக்கு அது பழக்கம்தான்னு.

— கேட்டியா மஞ்சு? பழக்கம். இப்போ தொறக்கட்டுமா?

— இரு நைனா. ஏ பாண்டி, ஊர்ல உங்க வூட்டுக் கக்கூஸ யாரு கழுவறது?

— எங்கம்மா. லீவுக்குப் போனா என் தலையில கட்டிருவா.

— கோகிலா வூட்டுல?

— அவதான். ஞாயித்துக்கெழம ஆனா அதுக்கே புலம்புவாளே.

— அப்போ உனக்குப் பழக்கம். அவளுக்கும் பழக்கம். எங்கம்மா எதுக்கு?

— தப்பாச் சொல்லிட்டேம்ட்டி. நான் வெளியூர்க்காரி, இங்க உள்ள உள்குத்து எனக்கு என்ன தெரியும்?

— உங்க ஊர்ல இல்லாத உள்குத்தா? போயி அவளுங்ககிட்ட சொல்லு. காசும் வேணாம், முறையும் வேணாம். வாசல்ல தொடப்பமும் பக்கெட்டும் இருக்கும். எவ உள்ள போறாளோ அவ கழுவிட்டுத்தான் வெளிய வரணும். நானும் அப்படித்தான். எனக்குப் பின்னாடி நான் கழுவறேன், அவளுக்குப் பின்னாடி அவ கழுவட்டும். முடியாதுன்னா அடக்கிக்கினு உக்காரட்டும்.

— கோகிலா கோவப்படுவாளே?

— படட்டும். கோவம் வந்தா மூத்திரம் நிக்குமா?

— ஏட்டி, ஒன் வாயிருக்கே! சரி, சொல்லுதேன். என்னைய முறைக்காத. மொத ஆளா நானே கழுவுதேன், போதுமா? எனக்கு இப்பமே முட்டிக்கிட்டு நிக்கி. சீக்கிரம் சாவிய வாங்கிட்டு வா.

— போ, வர்றேன்.

— போயிடுச்சா அந்தப் பொண்ணு?

— போயிட்டா.

— இத பாரு கண்ணு. கோவத்துல சொல்லல. நடக்காது. ரெண்டு நாளு தொடப்பம் நிக்கும், மூணாம் நாளு காணாம பூடும். நாறும். ஊரு திரும்பி யாரப் பாக்கும்? இந்த ஜன்னலத்தான். குனியாமலே கேப்பான்.

— உலகம்மா ஊருக்குப் போறப்போ கட்டு போட்ட கால வச்சிக்கினு இந்தப் பிளாட்பாரத்துலதான் உக்காந்திருந்தா. உன்னத் திட்டல. உனக்கு வணக்கம் வச்சா. டிக்கெட்காரரே, வர்றேன்னு சொல்லிட்டுப் போனா.

— ...அவ வாயால அத கேட்டதுக்கு செவுடா போயிருக்கலாம். நைட்டு தூக்கம் இல்லடி எனக்கு. தெரியாதா உனக்கு?

— தெரியும். அதான் கேக்கறேன். கடைசியா கேக்கறேன். சாவி.

— முடியாது மஞ்சு. இந்தக் கையால முடியாது.

— இதான் முடிவா?

— இதான்.

— சரி. அந்தப் பழைய பக்கெட்ட எடுத்துக்கறேன். தள்ளு.

— பக்கெட்ட எடுத்துக்கினு எங்க போற? பூட்டுன கதவாண்ட நின்னு இன்னா பண்ணப் போற?

— பூட்டு சும்மாதான் தொங்கிக்கினு இருக்கு, நைனா. விடிகாலைல மொத வண்டிக்கு நீ டிக்கெட்டு குடுத்துக்கினு இருந்தப்பவே அறுத்துட்டேன்.

— அடிப்பாவி! அப்போ இவ்ளோ நேரம் நின்னு எங்கிட்ட சாவி சாவின்னு இன்னாத்துக்குடி கேட்ட? ஏய், நில்லு. பதில் சொல்லிட்டுப் போ!

— தொறந்தது யாருன்னு நாளைக்கு ஊரு கேக்கும். டிக்கெட்காரரு தொறந்தாருன்னு சொல்லலாம்னு பாத்தேன்.