மூக்கும் ஒரு சல்லடை

கொட்டகலைக்கு அருகே ஒரு தோட்டத்து மருந்துச்சாலை. வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் இருமினார்கள். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் ஒருவர் தம் மாமாவிடம் சொன்னார்:

“சளி தேத்தண்ணி நெறத்துல வருது மாமா.”

“அப்ப சீனி மட்டும் போட்டாப் போதும்.”

“வெளையாடாதீங்க. குடிச்சா ஒண்ணும் பண்ணாத தேயிலை, மூச்சுல போனா மட்டும் ஏன் இருமுது?”

“மூக்கும் சல்லடைதானப்பா. பெரிய தூளு நின்னுரும். கண்ணுக்குத் தெரியாத பொடி நெஞ்சு வரைக்கும் எறங்கிரும். டாக்டரய்யாகிட்ட தூசின்னே சொல்லு.”

“சொன்னா சலிக்கிற வேலையவிட்டு எடுத்து, மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்ட அனுப்பிருவாங்க. இந்த நெஞ்சோட மழையில நிக்க முடியுமா?”

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது.

“என்ன, பீடியா?”

“ஆமாங்கய்யா, பீடிதாங்க.”

வெளியே நின்ற மாமா திகைத்துப்போனார். “அடப்பாவி, நீ பீடியத் தொட்டதே இல்லையே!”