தலையிடி இல்லையென்றான்

எனக்கு றக்பி ஆடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மெனேஜர் என்றதும் பலர் நான் ஒரு காலத்தில் ஆடியவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் தொந்தியைப் பார்த்தும் அப்படி நினைப்பவர்களின் நல்ல மனதை என்னவென்று சொல்வது. நான் பன்வில கடைத்தெருவில் பாமசி நடத்துபவன். பெயர் அரூஸ், தோட்டத்துச் சனம் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும், வீடு திகனயில். தண்ணீர்ப் போத்தல், பென்டேஜ், ஐஸ், பஸ் ஏற்பாடு, படிவம் நிரப்புவது, இவ்வளவுதான் கழகத்தில் என் வேலை. பதினைந்து பேர் சேற்றில் புரளும்போது நான் கோட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மிஸ் நிஷாந்தினி, நீங்கள் திலக்ஷனின் தாய்க்காக வந்திருக்கும் சட்டத்தரணி. நடந்ததை என் கைப்பட, தமிழிலேயே எழுதித் தரும்படி கேட்டீர்கள். இத்தனை மாதத்தில் இந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் தமிழில் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். மற்றவர்கள் எல்லாரும் சிங்களத்தில் கேட்டார்கள், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன், எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது. தமிழில் எழுதும்போது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் கழகம் மாகாணப் போட்டியில் பி பிரிவில் ஆடுவது. ஏ பிரிவுக்காரர்களுக்குப் புல்வெளி, விளக்கு, பத்திரிகையில் படம். எங்களுக்குப் பார்வையாளர் என்றால் நாலு ஓட்டோக்காரர்கள், இரண்டு மாடு. எட்டு அணி, ஏழு ஆட்டம், முதலாவதாக வருகிற ஒரே ஓர் அணி மேலே போகலாம். இந்த வருஷம் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் நடுவரைத் திட்டிக்கொண்டு வீடு வந்தோம்.

திலக்ஷனைக் கண்டுபிடித்தது நான். அதை யாரும் மறுக்க முடியாது. பக்கத்துக் கடைக்கு மாவு இறக்க வந்த லொறியில் அவன் வேலை செய்தான். இருபத்து மூன்று வயது, பன்விலவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தாயோடு இருப்பவன். தகப்பன் இல்லை. இரண்டு தோளிலும் ஒவ்வொரு மூட்டையை வைத்துக்கொண்டு, சந்தைக்குப் பூ கொண்டு போகிறவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு போனான். அன்றே பயிற்றுநர் ஹேரத்துக்குப் போன் பண்ணினேன்.

ஸ்கிரம் என்பது இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டி, குனிந்து, முட்டித் தள்ளுவது. முன்வரிசையில் வலப்பக்கம் நிற்பவன் மேல்தான் எதிரணியின் பாரமெல்லாம் இறங்கும். அந்த இடத்தில் திலக்ஷனை நிறுத்தினோம். பிறகு நான்கு ஆட்டம் வரிசையாக வென்றோம்.

அந்த வெற்றி எனக்கு என்னவாக இருந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். 2018 கலவரத்தில் முஸ்லிம் கடைகளைக் கொளுத்தியபோது திகனயில் என் கடையும் எரிந்தது. எரித்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்றார்கள், இருக்கலாம். ஆனால் அதன்பிறகு என் தெருச் சிங்களவர்கள் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடந்தார்கள். கோபத்தில் இல்லை, வெட்கத்தில். வெட்கப்படுகிறவனோடு வாழ்வது கோபப்படுகிறவனோடு வாழ்வதைவிடக் கஷ்டம். வருஷக்கணக்காக யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. நாலாவது ஆட்டம் வென்ற அன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அதே ஆட்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் அழுதார். நானும் அழுதேன். அந்தக் கைகளை மறுபடி இழக்க எனக்கு மனம் வரவில்லை. இது பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறாவது ஆட்டம் மாத்தளையில். வெற்றிதான். ஆனால் கடைசிப் பத்து நிமிஷத்தில் யாரோ ஒருவரின் முழங்கால் திலக்ஷனின் தலையில் பட்டது. கொஞ்ச நேரம் கிடந்தான். பிறகு எழுந்து எதிரணியின் வரிசையில் போய் நின்றுகொண்டான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நடுவர் மட்டும் சிரிக்காமல் புத்தகத்தில் எழுதினார். டொக்டர் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் அடுத்த ஆட்டத்தில் அவன் இறங்கக் கூடாது.

அடுத்த ஆட்டம் கடுகண்ணாவை அணியோடு. அவர்களும் நாங்களும் புள்ளியில் சமம். வெல்கிறவர் மேலே போவார். முன்வரிசைக்குப் பழகிய இன்னொரு பையனுக்கு ஏற்கெனவே தோள் எலும்பு முறிந்திருந்தது. பழகிய ஆள் இல்லாவிட்டால் ஸ்கிரமில் தள்ளவே கூடாது, சும்மா சாய்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. எங்களுக்குத் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஹேரத் என்னிடம் வந்து, "மெனேஜர் மஹத்தயா, ஏதாவது செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

டொக்டர் சனிக்கிழமை காலையில் மைதானத்துக்கே வந்தார். இளம் பெண், இரவு வேலை முடித்து நேரே வந்தவர், நல்ல பிள்ளை. உடை மாற்றும் அறையில் ஒரு கதிரையில் திலக்ஷனை உட்கார வைத்து, படிவத்தை எடுத்தார். படிவம் புத்தகச் சிங்களத்தில் இருந்தது. "ஹிஸரதய", அதாவது தலைநோவு, உண்டா என்று வாசித்தார். "ஒலுவ ரிதெனவாத" என்று பேச்சில் கேட்டிருந்தால் திலக்ஷனுக்கே விளங்கியிருக்கும். லொறியில் பழகிய சிங்களம் அவனிடம் இருந்தது. இந்தச் சொல்லுக்கு அவன் முழித்தான். "தமிழ் தெரிந்தவர் யாராவது?" என்று டொக்டர் திரும்பினார். நான் குடையை மூலையில் வைத்துவிட்டு முன்னால் வந்தேன்.

"தம்பி, தலையிடி ஈக்கா?" என்று கேட்டேன்.

"தலையிடியெல்லாம் இல்லைங்க நானா. அன்னைக்கி பட்டது அந்த ஒருக்காதாங்க."

இல்லையாம், அன்றைக்கு ஒருமுறைதானாம் என்று டொக்டரிடம் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. எங்கள் வீட்டில் தலைநோவுக்குத் தலையிடி என்றுதான் பெயர், இலங்கையில் முக்கால்வாசிப் பேருக்கும் அப்படித்தான். அவன் வீட்டில் அதற்குத் தலவலி என்று பெயர். தலை எங்காவது இடிபட்டதா என்று நான் கேட்பதாக அவன் எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. இதை நீங்கள் தவறு என்று சொல்லலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி, வாந்தி எடுத்தானா என்பது.

"சத்தி வந்தா தம்பி?"

அவன் முகம் மலர்ந்தது. "வந்திருச்சிங்க நானா!" என்று கையை மடக்கித் தசையைக் காட்டினான்.

நாங்கள் வாந்தியைச் சத்தி என்போம். அவன் காதில் அது சக்தி என்று விழுந்தது. டொக்டர் படிவத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் கையை மடக்கியதைப் பார்க்கவில்லை. வந்தது என்று நான் மொழிபெயர்த்திருந்தால் அது அவன் சொல்ல நினைத்ததற்கு நேர்மாறாகப் போயிருக்கும். அதனால் இல்லை என்றேன். முதல் கேள்வியில் சொல்லை மொழிபெயர்த்தேன், இரண்டாவதில் பொருளை. இரண்டுக்கும் மொழிபெயர்ப்பவனுக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்பது. அதற்கு அவன் தமிழிலும் என் தமிழிலும் ஒரே சொல்தான். அதனால் அதை நான் கேட்கவில்லை.

"சிகரட் பழக்கம் ஈக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லைங்க நானா" என்று தலையை வேகமாக ஆட்டினான். ஆட்டிய பிறகு கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். டொக்டர் மூன்றாவது கட்டத்திலும் இல்லை என்று எழுதினார்.

கையெழுத்து வைக்கும்போது அவர் சிங்களத்தில் சொன்னார்: ஆட்டத்தில் கொஞ்சம் தலை வலித்தாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும், மறைத்தால் உயிருக்கு ஆபத்து, இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

"டொக்டர் என்னா சொன்னாங்க நானா?"

"ஒண்டுமில்லையாம். பயப்படாம நல்லா ஆடச் செல்றாங்க."

அவன் நெற்றியைத் தடவினான். "அப்ப இந்த வலி தானாப் போயிருமாங்க?"

"போயிரும் தம்பி," என்றேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்றைக்கு அவன் வாய் என்னிடம் இருந்தது. அவன் என்னை நம்பினான், டொக்டர் என்னை நம்பினார், அணி என்னை நம்பியது. மூன்று பக்கமும் நம்பிக்கை வைத்து நெருக்கினால் நடுவில் நிற்கிற ஒருவன் என்னதான் செய்ய முடியும்? எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆட்டத்தைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. அறுபத்தோராவது நிமிஷத்தில் ஒரு ஸ்கிரமில் திலக்ஷன் கடுகண்ணாவைக்காரர்களை ஏழு மீற்றர் பின்னால் தள்ளினான். நான் பார்த்ததிலேயே அழகான தள்ளு அது. அதில் கிடைத்த உதையில்தான் பதினேழுக்குப் பதினான்கு என்று முந்தினோம். பிறகு ஒரு சின்ன மோதல், தோளோடு தோள், ஒன்றுமே இல்லை. அவன் எழுந்து, நாலு அடி நடந்து, களைத்தவன் மாதிரிப் புல்லில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். கண்மணிகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது. அம்புலன்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திங்கட்கிழமை பகல் பதினொன்றுக்கு மௌத்தாகிவிட்டான்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். நேற்று நீங்கள் என் மேசையில் வைத்த சின்னக் காகித உறையைப் பார்த்த பிறகு அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னர், திலக்ஷனின் தாய் மூக்காயி அக்கா, கொழுந்து நிறுத்துவிட்டு நேரே என் பாமசிக்கு வந்தார்.

"நானா, புள்ள தலவலி தலவலின்னு மொகத்த மூடிக்கிட்டே படுத்திருக்கான். ரெண்டு வாட்டி வாந்தியும் எடுத்துட்டான். வெளக்கப் போட்டா கத்துறான். பந்தாட்டத்துல பட்டதுனாலங்களா?"

"பித்தமா ஈக்கும் அக்கா. வெயில்ல நின்ட பித்தம்" என்றேன். மாத்திரையை உறையில் போட்டு, மேலே எழுதிக் கொடுத்தேன். எழுத்து என்னுடையதுதான்: தலவலிக்கு, காலை 2, இரவு 2.

ஆம், தலவலி. தலையிடி என்று எழுதவில்லை. கடை எரிந்து பன்விலவுக்கு வந்த நாளிலிருந்து தோட்டத்துச் சனத்துக்கு மருந்து விற்கிறேன். வாந்தி, தலவலி, வயித்தால போகுது, எல்லாம் அவர்கள் சொல்லிலேயே எனக்குப் பாடம். வந்த புதிதில் ஒரு கிழவரிடம் தலையிடியா என்று கேட்டு, அவர் தலையைத் தடவி, எங்கேயும் இடிக்கவில்லையே என்று சொல்லி, கடையில் எல்லாரும் சிரித்ததும் நினைவிருக்கிறது. அன்றோடு அந்தச் சொல்லைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று நான் பேசியதில்லை. சனிக்கிழமை காலையில் அதைத் தேடித்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியிலேயே எடுத்துவிட்டேன் என்பதுதான் உண்மை. சத்தியும் அப்படித்தான். மூன்றாவதற்குப் பொருத்தமான சொல் கிடைக்காததுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை.

மரண விசாரணையிலும் மொழிபெயர்த்தது நான்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை. விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: தாய்க்கு யார் மேலாவது சந்தேகம் உண்டா? நான் தமிழில் கேட்டேன், அதை மாற்றவில்லை. மூக்காயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"நான் யாரங்க சொல்லுவேன். புதன்கெழமையே நானாகிட்ட சொன்னேன், தலவலி, வாந்தின்னு. எல்லாம் நானாவுக்குத் தெரியும். அவரக் கேளுங்க ஐயா."

அதிகாரி பேனாவோடு என்னைப் பார்த்தார். தன் மகனுக்கு ஆட்டத்துக்கு முதல் எந்த நோய் வருத்தமும் இருக்கவில்லை, யார் மேலும் முறைப்பாடு இல்லை என்று தாய் சொல்கிறார் என்றேன். அவர் எழுதினார். அக்கா கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்து, தான் சொன்னதை ஐயா எழுதிக்கொண்டாரா என்று கேட்டார். எழுதிக்கொண்டார் என்றேன்.

ஆகவே, திலக்ஷனுக்குத் தலையில் காயம் என்று தெரிந்தும், தெரிந்தே, அவனை நான்தான் களத்தில் இறக்கினேன். இதை வேறு யார் தலையிலும் போட வேண்டாம். எனக்காக இரக்கப்படவும் வேண்டாம். நாங்கள் இப்போது ஏ பிரிவில் இருக்கிறோம். தெருவில் எல்லாரும் என்னோடு பேசுகிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வழக்குப் போட்டு என்னை உள்ளே அனுப்பினால் அக்காவை யார் பார்ப்பது என்றும் யோசியுங்கள். மகன் போன பிறகு அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. சிங்களமும் தெரியாது, துணையும் இல்லை. போன கிழமை கண் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நீண்ட நேரம் பேசினார். அதில் அக்கா தாங்கக்கூடியதை மட்டும் நான் தமிழில் சொன்னேன்.