வள்ளல் கொடுத்த கிண்ணம்

என் கையையே பார்க்கிறீர்கள். களிமண்ணோடு பழகினால் தோல் இப்படித்தான் வறண்டு வெடிக்கும். படுக்கும்போது கொஞ்சம் வாஸலின் தடவினால் போதும்.

மகள் கல்யாணமாகிப் போனபின், பொழுது போக வேண்டுமே என்று பானை வனையும் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, சக்கரமும் கேஸ் சூளையும் வாங்கிக் கொடுத்தது என் கணவர்தான். முதலில் செய்ததெல்லாம் கோணல்மாணல். அவர் அதையும் மெச்சினார். நல்ல மனிதர். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் செய்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். "எடுத்துக்கோங்க, என் வீட்டுக்காரி செஞ்சது. சும்மாதான கெடக்கு." கேபிள்காரர், பல் டாக்டர், வழி தவறி வந்த கூரியர்காரர், எல்லார் வீட்டிலும் என் கோப்பைகள் இருக்கின்றன. தெருவில் அவருக்கு வள்ளல் என்றே பெயர்.

ஒரு கிண்ணம் மட்டும் வேறு மாதிரி அமைந்தது. மரச்சாம்பல் கலந்து நானே கரைத்துப் பூசிய மெருகு. சூளையில் உருகி வழிந்து, அடியில் ஒரு நீலமாகத் தேங்கி நின்றது. அதே சாம்பல், அதே மண், அதே சூடு என்று பலமுறை முயன்றேன். பழுப்புதான் வந்தது. கிண்ணத்தை பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தேன். துண்டு தேடிய கணவர் அதைக் கண்டெடுத்து, கார் மெக்கானிக்குக் கொடுத்துவிட்டார்.

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். அதில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டுகளை ஊறப்போட்டிருந்தார் மெக்கானிக்.

"நல்ல கனம் அக்கா. தட்டினாக்கூட கவுறமாட்டேங்குது" என்றார். மனதாரத்தான் சொன்னார். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, இன்னொண்ணு செஞ்சுக்க மாட்டியா?"

"செஞ்சுக்கலாம்" என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூளை மூட்டினேன். மத்தியானம் சாப்பிட்டதும், "கொஞ்ச நேரம் அதைப் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவரை நான் அந்த வேலைக்குக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நாற்காலியும் பேப்பருமாகச் சந்தோஷமாகக் கிளம்பினார். மழை என்று ஷெட்டின் ஜன்னல் சாத்தியிருந்தது. புகையை வெளியேற்றும் ஃபேன் ஓடாதபோது உள்ளே இருக்கக் கூடாது என்று வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் வகுப்புக்கு வந்தவர் இல்லை. ஃபேனின் சுவிட்ச் சமையலறையில் இருந்தது. அணைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. "ஏம்மா, தலையக் கனக்குது."

"சூட்டுக்கு அப்படித்தாங்க இருக்கும். அங்கேயே கொஞ்சம் சாஞ்சுக்கோங்க."

சரி என்றார். நான் சொல்லி அவர் எதையும் தட்டியதில்லை. போய் ஷெட்டின் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு ஒருமுறை கதவைத் தட்டினார். பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல மெதுவாக. கேட்டது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

மகள் போன் செய்தாள். "அப்பா என்னம்மா பண்றார்?"

"சூளையப் பாத்துக்கிறார்."

"பரவாயில்லையே. அவரையும் மண்ணுல இழுத்துவிட்டுட்டியா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சாயங்காலம், வெளியே இருந்த சிலிண்டரை மூடினேன். மறுநாள் மத்தியானம்தான் ஷெட் கதவைத் திறந்தேன். உயிர் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்ததாக வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். கொன்றது நான்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. சூளை ஆறுவதற்கு முன் கதவைத் திறந்து குளிர்காற்று புகுந்தால், சூளைக்குள்ளே இருப்பதெல்லாம் கீறல் விட்டுப் பாழாகிவிடும்.