கைராசிக்காரன் தொட்ட போர்டு

ஐயா, டீ பிரமாதம். எங்கள் கேன்டீனில் இப்படி ஒரு டீ கிடைத்திருந்தால் பாதிப் பேர் வீட்டுக்கே போயிருக்க மாட்டோம்.

எங்கள் வரிசை எப்போதும் கலகலவென்றிருக்கும். மூச்சுவிடச் சிரமப்படுகிறவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் இயந்திரம் இருக்கிறதே, அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு நாங்கள் செய்வது. சால்டர் என்கிற ஈயப் பசை தடவி, பாகங்களை உட்கார வைத்து, பெல்ட்டில் ஏற்றி ஓவனுக்குள் அனுப்பினால் பசை உருகிப் பிடித்துக்கொள்ளும். சரியாகப் பிடிக்காத இடங்களை சூடான சால்டரிங் அயர்னால் தொட்டுச் சரிசெய்வது என் வேலை. எனக்கு வாயும் கையும் சேர்ந்தே ஓடும். நான் லீவு போட்டால் வரிசையே உம்மென்று இருக்குமாம்.

மேனேஜர் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டியதும் பாகங்களின் தடித்த உலோகக் கால்கள் உள்ள இடங்களில் சூடு போதாமல் சால்டர் மங்கி, சொரசொரவென்று நின்றது. முறைப்படி என்றால் அயர்னை வைத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அடிவரை உருகி இறங்க வேண்டும். அப்படிச் செய்தால் என் மேசையில் போர்டுகள் குவியும், சிவப்பு விளக்கு எரியும், வரிசை நிற்கும், எல்லார் முகமும் தொங்கிப்போகும். அந்த முகங்களைப் பார்க்க எனக்கு மனசு வராது. சால்டரை இளக்குகிற ஃப்ளக்ஸ் திரவத்தில் ஒரு சொட்டு மேலே விட்டு லேசாக வருடினால் போதும், பளபளவென்று மின்னும். போர்டைச் சரிபார்க்கிற கேமரா மேற்பரப்பைத்தானே பார்க்கிறது. சோதனையிலும் ஓடும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கொஞ்ச நாளில் பிடிப்பு விட்டுப்போகும் என்பது தெரியும்தான். தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் வரிசையில் கடைசியாக இயந்திரத்தின் பெட்டியை மூடுகிறவர் ஒரு அக்கா. அவருடைய அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, இயந்திரம் இல்லாமல் படுக்கவே முடியாத நிலை. கம்பெனி ஒன்றைத் தர ஒப்புக்கொண்டதும் வரிசைக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. அக்கா ஒரு போர்டை ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, அப்பாவோடது இதுதான். உன் கையால தொட்டுக் குடுத்துடுப்பா. உன் கைராசி எங்களுக்கு வேணும்.”

“இனிமே அப்பா விடுற குறட்டையில பக்கத்து வீட்டுக்காரன் காலி பண்ணப் போறான், பாருங்கக்கா” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றையாவது அடிவரை உருக்கியிருக்கலாமே என்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அயர்னைக் கூடுதலாகக் கொஞ்சநேரம் வைத்திருந்தால், ‘ஏம்பா, மத்ததுக்கெல்லாம் இவ்வளவு நேரம் வைக்கமாட்டியே’ என்று கேட்டிருப்பார். அவருக்குக் கூர்மையான கண். அதனால் வழக்கம்போல வருடிக் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது இயந்திரம் நின்றது. அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். எச்சரிக்கை மணியும் அதே போர்டில்தான், அதுவும் அடிக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். “பெட்டி வந்தப்புறம் எவ்வளவு நிம்மதியாத் தூங்கினார் தெரியுமாடா” என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் அவரைச் சிரிக்க வைத்துவிட்டேன்.

மற்ற வீடுகளிலும் நின்றிருக்கின்றன என்கிறீர்கள். நிற்கும், ஐயா. அத்தனையும் நான் தொட்டவைதான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், நொந்துபோவார். நான் இதுவரை யார் மனதையும் நோகடித்தவனில்லை.